அரசமரத்தடியில் வெறும் ஆசனம்

யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்தாலும் அப்பா முதலில் நயாகராவுக்கும் பிறகு டவருக்கும் கூட்டிப்போவார். அதற்குமேலும் பொழுது போகாவிட்டால்தான் மியூசியம். அம்மாவின் அக்காவான பெரியம்மா வந்தபோது மூன்றையும் பார்த்தோம். எதிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணா முறை, யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். வழியில் கோயிலைக் கண்டால் பெரியம்மா காரை நிறுத்தச் சொல்லி அண்ணா திரும்பி வரவேண்டும் என்று கும்பிடுவார். நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் கோயில்களுக்கா பஞ்சம்? அந்த மாதம் முழுக்க நாங்கள் எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

மியூசியத்தில் ஒரு பழைய புடைப்புச் சிற்பம் இருந்தது. வெளிறிய கல்லில் ஓர் அரசமரம். அதன் கீழே வெறும் ஆசனம், ஆசனத்தின் முன்னால் இரண்டு பாதச்சுவடுகள், இருபுறமும் கைகூப்பி நிற்கும் மனிதர்கள். பெரியம்மா சட்டென்று பனிச் சப்பாத்தைக் கழற்றினார். கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலம் வெளியே வந்தது.

"அக்கா, உதைத் தொடப்படாது!" என்று அம்மா பதறினார்.

"பிள்ளையாரை ஆரோ தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள். இருந்த இடமாவது கிடக்கே."

அரசமரத்தடியில் பிள்ளையார் அல்லாமல் வேறு யார் இருப்பார்? சொல்லிக்கொண்டே ஒரு பாதத்தில் திருநீற்றைப் பூசிவிட்டார். காவலாளி ஓடிவந்தார். பின்னால் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தாய் தகப்பனோடு நின்று, பெரியம்மாவின் ஓட்டைக் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மானம் போயிற்று.

"என்ன எழுதிக் கிடக்கு? வாசிச்சுச் சொல்லு," என்றார் அப்பா.

வாசித்தேன். "உது பிள்ளையார் இல்லை, புத்தர். அந்தக் காலத்திலை அவரின்ரை உருவத்தைச் செதுக்க மாட்டினமாம். அவர் இருக்கிறார் எண்டு காட்டத்தான் கதிரையும் காலடியும்."

புத்தர் என்றதும் பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு அவ்வளவுதான் மரியாதை. அவரோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப, ஆளைக் காணேல்லை எண்டாலும் ஆள் இருக்கிறார்தானே, பிள்ளை?"

வகுப்புக்காரி சிரித்தாள். எப்படியாவது அங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது.

"இல்லை பெரியம்மா, அவர் செத்து எவ்வளவோ காலம். வாங்கோ போவம்!"

நான் கத்தியது அந்த மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். இப்போது நினைத்தாலும் முகம் எரிகிறது. பெரியம்மா என் கையை விட்டார். குனிந்து, சேலைத் தலைப்பால் கல்லிலிருந்த திருநீற்றைத் தானே துடைத்தார். பிறகு சப்பாத்தை மாட்டிக்கொண்டார்.

திரும்பி வரும்போது கோயிலடியில், பெரியம்மா கேளாமலே, அப்பா காரை மெதுவாக்கினார்.

"வேண்டாம், தம்பி. வீட்டை போவம்," என்றார் பெரியம்மா.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். எனக்கென்றால், முதல் தடவையாக நேரத்துக்கு வீடு போகிறோம் என்று சந்தோஷமாக இருந்தது.