அப்பாவின் கல் எது

எங்கள் குடும்பத்தில் ஆள் இறந்து உடல் கிடைக்காமல் போனால் ஒரு கல்லை நட்டு, அதையே அந்த ஆளாகக் கும்பிடுவோம். பின்னால் மனைவி போகும்போது அவளுக்கும் ஒரு கல், கணவன் கல்லை ஒட்டியே. அம்மா சுருளியம்மாள் கேட்டுக்கொண்டதெல்லாம் அந்த ஒன்றுதான்.

அப்பா பழனிச்சாமிக்கு மரம் வெட்டும் கூப்பில் வேலை. காட்டில் வெட்டிய மரத்தடிகளை மழைக்காலத்தில் ஆற்றில் விடுவார்கள். வண்டிப்பெரியாருக்குக் கீழே ஒரு வளைவில் அவை சிக்கிக்கொள்ளும். இறங்கி விலக்குகிறவர் அப்பா. தம்பி முனீஸ்வரன் வயிற்றில் இருந்தபோது, ஒருநாள் தடிகளோடு அவரும் போய்விட்டார். அம்மா அந்தக் கரையில் ஒரு கல்லை நட்டாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளி எங்களை வளர்த்தாள். ஆடி அமாவாசைக்கு எண்ணெயும் வெற்றிலையுமாக வளைவுக்குப் போவாள். எங்களைக் கூட்டிப் போனதே இல்லை. ஆறு இன்னொரு ஆளைக் கேட்கும் என்று பயம்.

பல வருடம் கழித்து வந்த பெரிய வெள்ளம் கரையைப் புரட்டிப்போட்டது. வெள்ளம் வடிந்ததும் அம்மா தனியாகப் போய்வந்து, "இருக்காரு" என்றாள். அவ்வளவுதான். மறுவருடம் பஞ்சாயத்து அங்கே ஒரு சரித்திரப் பலகை வைத்தது. மரங்கள் ஆற்றில் மிதந்து வந்த இடம், அந்த வேலையில் இறந்தவர்கள் நினைவாக, என்று மலையாளத்தில் எழுதி, அடியில் ஒரு ஆற்றுக்கல்லைச் சிமெண்டில் பதித்தார்கள். திறப்பு விழாவில் விளக்கேற்றினார்கள். அன்றிலிருந்து போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் அதற்கு எண்ணெய் விடுகிறார்கள்.

அம்மா இறந்த பதினாறாம் நாள், அவளுக்கான கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு வளைவுக்குப் போனோம். கூட தோட்டத்தில் அடுத்த லயத்து வீட்டு செபமாலையம்மாள் வந்தாள். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து கிள்ளியவள். பலகையடியில் ஒரு கல், எண்ணெய்க் கறுப்பாய். கீழே தண்ணீரோரம் இன்னொன்று, அதுவும் எண்ணெய்க் கறுப்பாய்.

"மேல இருக்குறதுதான்க்கா" என்றான் தம்பி. "கீழ வச்சா அடுத்த மழைக்கு அம்மாவும் போயிரும்."

"எடுத்துட்டு வந்து பதிச்ச கல்லுடா அது. எங்கேருந்து எடுத்தாங்களோ."

"இங்கேருந்தே எடுத்திருந்தா? அது அப்பாவா இருந்தா?"

செபமாலையம்மாளைப் பார்த்தேன்.

"என்னைய ஏன் பாக்க? எனக்குக் கல்லும் தெரியாது, ஒங்க சாமியும் தெரியாது. நான் ரோட்டுல நிப்பேன். அவ கீழ போயி வெத்தல வைப்பா. மேல வந்து அந்தப் போர்டுக் கல்லு முன்னால நின்னு திட்டுவா."

"என்னன்னு திட்டுவாங்க?"

"'பெரிய இவரு, தண்ணிக்குள்ள குதிச்சாரு'ன்னு. வாய் நல்ல வாயா அவளுக்கு?"

தம்பி சிரித்துவிட்டான். "அப்ப இதுதான் அப்பா. வேத்தாளையா அம்மா இப்பிடித் திட்டும்?"

"பஞ்சாயத்து மெம்பரை இதைவிட மோசமா திட்டியிருக்கு" என்றேன்.

"அப்ப கீழ வெத்தல வாங்குனது யாரு?" என்றாள் செபமாலையம்மாள். "நானும் ஒரு நா கேட்டேன். 'அதுவும் அவருதான்'னுட்டு நடந்துட்டா."

வெயில் ஏறியது. துண்டுக்குள் கல் கனத்தது. அப்பா அல்லாத ஒரு கல்லின் பக்கத்தில் அம்மாவை நிறுத்திவிட்டுப் போய்விடுவோமோ என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கடைசியில் தம்பி சொன்னபடி பலகையருகே குழி தோண்டி நட்டோம். தண்ணீர் ஏறாத இடம் என்பது மட்டும்தான் எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அடுத்த அமாவாசைக்கு நான் மட்டும் போனேன். அம்மாவின் கல்லுக்கும் யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள், பலகையில் சொன்ன இறந்தவர்களில் ஒருவர் என்று நினைத்து. வேண்டாம் என்று யாரிடம் சொல்ல? இரண்டுக்கும் வெற்றிலை வைத்தேன். மனம் கேட்கவில்லை. இன்னொரு வெற்றிலையோடு கீழே இறங்கினேன்.

தண்ணீரோரக் கல்லின் மேல் ஒரு வெற்றிலை ஏற்கெனவே இருந்தது. வாடவில்லை. மேலே ரோட்டோரச் சேற்றில் ஜீப் டயர் தடம் புதிதாகத் தெரிந்தது. தம்பி ஓட்டுவது ஜீப்தான்.

என் வெற்றிலையை அதன் பக்கத்தில் வைத்தேன். அவனிடம் இன்னும் கேட்கவில்லை.