பெங்களூர் ஜன்னல்

வீடு கட்ட வருகிறவர்கள் என்னிடம் முதலில் நீட்டுவது கைப்பேசியைத்தான். எங்கோ பனி பெய்கிற தேசத்து வீடு ஒன்று அதில் இருக்கும். ‘இதே மாதிரி வரைஞ்சு குடுங்க மேடம்’ என்பார்கள். நான் சிரிப்பதில்லை. சிரிக்கிற தகுதி எங்கள் குடும்பத்துக்குக் கிடையாது.

என் அப்பா பெங்களூரில் கட்டட மேஸ்திரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில், பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வருவார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அம்மா பிரசவத்துக்காகக் கம்பைநல்லூரிலிருந்த தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள்; பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பார்த்துக்கொண்டாள். அவள் குழந்தையோடு திரும்புவதற்குள் புது அறை ஒன்று கட்டிவிட வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். பெங்களூரில் இடித்த ஓர் அலுவலகத்திலிருந்து, ஆளுயரத்துக்கும் மேலான ஜன்னல் கண்ணாடி ஒன்றை வைக்கோல் சுற்றி வேனில் கொண்டுவந்து இறக்கினார். சாலை மேற்கே இருந்ததால் கண்ணாடியும் மேற்குச் சுவரில் ஏறியது. போகிறவர் வருகிறவர் பார்க்க வேண்டாமா?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து நான் அதைக் காட்டினேன். தொடக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. எனக்கு அதில் பிடித்ததே வேறு. உள்ளே உட்கார்ந்தபடி பஸ் நிற்கும் இடத்தைப் பார்க்கலாம். சனிக்கிழமைகளில் அப்பா இறங்குவது தெரியும்.

பெங்களூரில் வெயில் விருந்தாளி. எங்கள் ஊரில் அதுதான் வீட்டுக்காரன். கிருஷ்ணகிரி தாண்டும்போதே பஸ் ஜன்னலில் காற்று சுட ஆரம்பிக்கும். மாதம் இருமுறை அந்தக் காற்றை முகத்தில் வாங்கிய மனிதருக்கு, சுவர் எழுப்பும்போது அது ஞாபகம் வரவில்லை.

சித்திரையில் மூன்று மாதத் தம்பியோடு அம்மா வந்தாள். கண்ணாடியைத் தடவிப் பார்த்து, “நல்லாருக்குங்க” என்றாள். அப்பா முகமெல்லாம் பல்லாக பெங்களூருக்குக் கிளம்பினார். மறுநாள் மூன்று மணிக்கே அறை கொதித்தது. சில நாட்களில் தம்பிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது தொண்டை கட்டி, பால் குடிப்பதும் குறைந்துபோனது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டுக்கொட்டகைக்குப் போனாள். கற்பலகைகளைச் செங்குத்தாக நட்டு, மேலே ஓலை வேய்ந்த கொட்டகை அது. பகலில் ஆடுகள் மேயப் போயிருக்கும். பலகை இடுக்குகளில் காற்று வரும். சேலையில் தூளி கட்டினாள். தம்பி தூங்கினான்.

“அப்பாகிட்ட சொல்லிடாத கண்ணு. ஆசையா கட்டியிருக்காரு.”

அப்பா அடுத்து வந்த சனிக்கிழமை இரவே நான் சொல்லிவிட்டேன். தம்பிமேல் இரக்கப்பட்டெல்லாம் இல்லை. ‘உங்கம்மா ஏன் ஆட்டுக்கொட்டாயில தூங்கறாங்க?’ என்று ஒருத்தி வகுப்பில் கேட்டுவிட்டாள். என் மானம் போயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்துச் சட்டை தொப்பலாக வெளியே வந்து, நேரே கொட்டகைக்குப் போனார்.

“ஏன் புள்ள, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“ஆசப்பட்டு வச்சீங்க. எந்த வாயால சொல்றதுங்க?”

அப்பா கற்பலகைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்; அது சுடவில்லை.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. எங்கள் புன்செய்க் காட்டுக்கு வேலியும் அதே கற்பலகைதான். இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு அவற்றைப் பிடுங்கிவந்து, கண்ணாடிக்கு வெளியே ஓரடி தள்ளி, விரல் நுழையும் இடைவெளி விட்டு வரிசையாக நட்டார். சாலையில் போன ஒருவர், “என்ன மேஸ்திரி, கண்ணாடிக்கு வேலியா?” என்றார்.

“ஆமாங்க. எங்கியாச்சும் ஓடிப்போயிடும்” என்றார் அப்பா.

எனக்கு அழுகை பொங்கியது. பஸ் நிற்கும் இடம் ஒவ்வொரு கல்லாக மறைந்துகொண்டே வந்தது. வேலை நடந்த மூன்று நாளும் அப்பாவோடு பேசவில்லை. கடைசியில் நான் உட்கார்ந்து படிக்கும் மூலைக்கு நேராக ஒரு பலகையின் இடம் மட்டும் திறந்தே நின்றது. அந்த வழியாக வரும் வெயில், அறையில் தூளி கட்டும் இடத்துக்கு எட்டாது. ஏன் விட்டீர்கள் என்று அம்மா கேட்டாள்.

“கல்லு பத்தல. வுடு” என்றார்.

அதைக்கூட முழுதாகச் செய்யத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அன்று மதியம் தம்பி புது அறையில் வாய் பிளந்து தூங்கினான்.

இன்று நான் வரையும் வீடுகளின் மேற்குச் சுவருக்கு வெளியே கற்பலகைகள் நிற்கின்றன. பார்க்கிறவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள், வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்கிறேன். தான் ஆசையாகச் செய்ததைத் தன் கையாலேயே, ஊர் பார்க்க மறைத்தவர் அப்பா. எந்தக் கல்லூரியும் எனக்குத் தராத பாடம் அது. அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அந்தத் திறப்பின் வழியேதான் பிறகு வந்த சனிக்கிழமைகளிலெல்லாம் அப்பா பஸ்ஸைவிட்டு இறங்குவதைப் பார்த்தேன். கல் பற்றாமல் போனது என் அதிர்ஷ்டம் என்றே நம்பியிருந்தேன். பற்றாமல் போன அந்தக் கல் அன்றிலிருந்தே கிணற்றடியில் கிடந்தது. அதன்மேல் நின்றுதான் நான் தினமும் குளித்தேன்.