மன்னனூர் காட்டில் பார்த்த கரடி ஆணா, பெண்ணா?

ஸ்ரீசைலம் சாலையில் கரடி பார்க்க முடியுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். நாங்கள் பார்த்தது எண்பதுகளின் நடுவில், ஒரு யுகாதி விடுமுறையில். அப்போது ஏ.எஸ்.ராவ் நகரில் இருந்தோம். கணவருக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. மகள் மீனாவுக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான். கொழுந்தன் ரகு திருச்சியிலிருந்து புதுக் கேமராவோடு வந்திருந்தான். காட்டுக்குப் போயே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

வாடகை அம்பாசிடரில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். மன்னனூர் எங்கள் வீட்டிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். (அன்று கொடுத்த வாடகையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.) வழியில் இட்லி சாப்பிட்டு, எட்டு மணிக்கு மேல் காட்டுக்குள் நுழைந்தோம். இலுப்பைப் பூ உதிரும் காலம். ஜன்னலைத் திறந்தாலே அந்த வாசனைதான்.

ஒரு வளைவு தாண்டியதும் டிரைவர் யாதையா சட்டென்று பிரேக் போட்டார். சாலைக்கு வலப்புறம் இலுப்பை மரத்தடியில் பெரிய கரடி ஒன்று பூவைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது.

"மக எலுகு சார். பில்லலு லேவு" என்றார் மெதுவாக. ஆண்தான், குட்டிகள் இல்லை.

"ஆமா அண்ணி, கழுத்தும் தலையும் எவ்வளவு பெரிசு பாருங்க! ஆண்தான்" என்ற ரகு, நாங்கள் தடுப்பதற்குள் இறங்கிவிட்டான். வெளிச்சம் தோதாக விழ வேண்டுமென்று கரடியைச் சுற்றிக்கொண்டு ஒரு பாறைக் குவியல் பக்கம் போனான்.

கரடி அவனை மோப்பம் பிடித்துப் பின்னங்காலில் எழுந்து நின்றது. மார்பில் வெள்ளைப் பட்டை. அதற்குக் கீழே ரோமம் தேய்ந்து, காம்புகள் தடித்துத் தெரிந்தன.

"என்னங்க, அது பால் கொடுக்கிற கரடி! குட்டி இங்கதான் எங்கேயோ இருக்கு."

சொல்லி முடிக்கவில்லை, ரகுவுக்குப் பின்னாலிருந்த பாறை இடுக்கில் கீச்சென்று ஒரு சத்தம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் அவன் நின்றான்.

"தம்பி, வண்டிக்கு வந்துடுங்க!" என்று கத்தினேன். மடியில் மீனா வீறிட்டாள். உறுமிக்கொண்டு பாய்ந்தது கரடி. ரகு திரும்பி ஓடியவன் கல் தடுக்கி விழுந்தான். அது அவன் கெண்டைக்காலைக் கவ்வியது.

யாதையா ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஹாரனை அழுத்தியபடி சாலையை விட்டு இறக்கி, புதரை மோதிக்கொண்டு நேராகக் கரடியை நோக்கி வண்டியை ஓட்டினார். அது மிரண்டு காலை விட்டது. கணவர் கதவைத் திறந்து ரகுவின் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

கரடி எங்களைத் துரத்தவில்லை. பாறையடிக்கு ஓடியது. இரண்டு குட்டிகள் வெளியே வந்து, அதன் முதுகு ரோமத்தைப் பற்றி ஏறிக்கொண்டன. சுமந்துகொண்டு காட்டுக்குள் போய்விட்டது. ரகுவின் காலில் என் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டும்போதுதான் ரவிக்கை முழுக்கப் பாலில் நனைந்திருப்பதைக் கவனித்தேன்.

அச்சம்பேட்டை ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், வெறிநாய்க்கடி ஊசியும் ஆரம்பித்தார்கள். "நான்தானம்மா பில்லலு லேவுன்னு சொன்னேன்" என்று யாதையா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க இல்லேன்னா நான் இல்லண்ணா" என்று ரகு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கால் தேறப் பல மாதங்கள் ஆயின.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆண் கரடி பொதுவாகப் பெரிது, தலையும் கழுத்தும் தடிமன். ஆனால் தனியாகப் பார்க்கும்போது எதோடு ஒப்பிடுவீர்கள்? முதுகில் குட்டி இருந்தால் தாய், சந்தேகமில்லை. குட்டி கண்ணில் படாவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மார்ச், ஏப்ரலில் விடிகாலையில் போங்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே இருங்கள். பார்த்த கரடி ஆணா பெண்ணா என்று தெரியாமலே வீடு திரும்பினால் ஒரு குறையும் இல்லை.