புகையில்லா வண்டியும் அணைந்த அடுப்பும்

பிள்ளைகளே, செல்வியை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று ஹாஸ்டலிலிருந்து எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் கொடைக்கானல் ஓட்டலில் ஒரு வேன் இருக்கிறது. பெட்ரோல் வேண்டாம், சாயந்தரம் அதன் வயரை இழுத்துச் சுவரில் சொருகினால் விடியும்வரை கரண்ட்டைக் குடிக்கும். சொருகுவது நான். 'புகையில்லா வண்டி' என்று அதன் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறார்கள். கெஸ்ட்டுகள் அதில் ஏரியைச் சுற்றிவிட்டு, மலைக்காற்றையே காப்பாற்றியவர்கள் மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு இறங்குவார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நானும் உங்கள் அத்தையும் ஒரே கப்பலில் வந்தோம். எனக்கு மலை வாய்த்தது. அவள் புருஷனுக்குக் கடற்கரையில், கரி எரித்துக் கரண்ட் எடுக்கும் நிலையத்தில் கூலி வேலை. அங்கே காயப்போட்ட துணியில் சாம்பல், சோற்றில் சாம்பல். அவள் மகள் செல்விக்கு மூச்சிழுப்பு வந்து, மலைக்காற்று பட்டால் தேறும் என்று நம்மிடம் விட்டாள். நான் சொருகும் கரண்ட் அந்த நிலையத்திலிருந்தும்தான் வருகிறது என்று லைன்மேன் சொன்ன பிறகு, வேனைப் பார்த்தாலே எனக்குக் காறித் துப்பத் தோன்றும்.

ஒருநாள் வெள்ளைக்கார அம்மா ஒருவர் வேனைத் தட்டிக்கொடுத்து, "நோ ஸ்மோக்! வெரி குட்!" என்றார்.

"புகை எந் தங்கச்சி வீட்டுக்குப் போகுதுங்க" என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "ஏலே, ஒந் தங்கச்சி பீடி குடிக்குமா?"

அந்த அம்மாவிடம் என்ன சொன்னாரோ, அவர் எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். பெரிய மனசு!

கெஸ்ட்டுகள் திரும்பும் நேரம், நாலிலிருந்து ஆறு மணிவரை, ஓட்டல் வேலையாட்கள் குடியிருக்கும் நம் லயத்தில் யாரும் விறகடுப்பு மூட்டக்கூடாது என்று சட்டம் போட்டவரும் இதே மேனேஜர்தான். தோட்டத்துத் துரையும் எங்களை மனிதராக மதித்ததில்லை; ஆனால் எங்கள் அடுப்புப் புகை அவன் கண்ணை உறுத்தியதில்லை.

போன வாரம் ஐந்து மணிக்குச் செல்விக்கு இழுப்பு கண்டது. ஆவி பிடிக்க உங்கள் அம்மா வெந்நீர் வைத்தாள். மேனேஜர் வந்துவிட்டார்.

"ரூல் தெரியாதா? கெஸ்ட்டு மூஞ்சியில புகை அடிக்குது."

"புள்ள மூச்சுக்குத் தவிக்குது சார். அஞ்சு நிமிசம்."

"இது ஸ்டாஃப் குவார்ட்டர்ஸா, சத்திரமா? கண்ட புள்ளையையும் எதுக்கு வச்சிருக்க?"

வாளித் தண்ணீரை அடுப்பில் கொட்டினார்.

"அத அந்த வண்டி வயித்துல ஊத்துய்யா!" என்றாள் உங்கள் அம்மா.

அதற்குத் தண்டனை: ஒன்று அந்தப் பிள்ளை போக வேண்டும், இல்லையென்றால் நாம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். உங்கள் மூவரையும் நினைத்தேன். மறுநாள் வெள்ளனே செல்வியோடு பஸ் ஏறினேன். உங்கள் அத்தை கொடியில் கிடந்த துணியின் சாம்பலை உதறிச் செல்விக்கு விரித்தாள். ஏன் என்று கேட்டிருக்கலாம்.

அடுத்த நாள் சாயந்தரம் மலைக்குத் திரும்பி, அங்கே போட்டிருந்த சட்டையோடேயே வயரைச் சொருகினேன். குனிந்தபோது தோளிலிருந்து சாம்பல் உதிர்ந்து வேனின் வெள்ளைத் தகரத்தில் விழுந்தது. அதைத் துடைப்பதும் என் வேலைதான். துடைக்கவில்லை.