லெட் என்றால் தடு

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணி. எதையும் எண்ணாமல் இருக்க முடியாதவன். வலையின் உயரத்தை இரண்டு முறை அளந்தும் மனம் ஒப்பாது. அதனால் பேட்மின்டன் என்னும் பூப்பந்துப் போட்டி என்றால் நடுவர் நாற்காலி எனக்குத்தான்.

அந்த ஆண்டு இறுதி ஆட்டத்துக்கு ரவாங்கிலிருந்து ஒரு தொழிற்சாலை அதிகாரி வந்திருந்தார். தம் குழுவுக்கு ஆள் தேடினார். ஜெயிப்பவனுக்கு அங்கே நிரந்தர வேலை. எங்கள் லோரி டிரைவர் ஒரு பக்கம், அடுத்த தோட்டத்து வெல்டர் மறுபக்கம். டிரைவருக்கு முதல் குழந்தை பிறந்திருந்த நேரம். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளியேற அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

கடைசி செட். பதினான்குக்குப் பதினொன்று. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் டிரைவருக்கு வெற்றி, சர்வீஸும் அவனிடம். அவன் ஓங்கி அடித்த பந்து இறங்கும் நேரம், ஓர் ஆடு வெல்டரின் காலடியில் புகுந்தது. பந்து கோட்டுக்குள் விழுந்தது. நான் ‘லெட்’ என்றேன்.

ஆட்கள் டிரைவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

இறக்கச் சொன்னேன். அவனுடைய அண்ணன் வந்து என் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டான்.

“லெட்டுன்னா விடுன்னுதானே ஐயா? விட்டுட்டீங்கதானே?”

“இது வேற லெட். தடைன்னு அர்த்தம். மறுபடி ஆடணும்.”

“தடுக்கிறதுக்குப் போயி விடுன்னு எவன் பேரு வெச்சான்?”

நியாயமான கேள்வி. பதில் சொன்னேன். பழைய ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கிய இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்று விடுவதற்கு, மற்றது தடுப்பதற்கு. நாளடைவில் இரண்டும் ஒரே உருவமாயின. பழைய செய்யுளில் ஆறு ஒரு வீரனை ‘லெட்’ செய்தது என்று வந்தால், வழிவிட்டது என்று படிக்கக் கூடாது, வழிமறித்தது. பிறகு தடுக்கும் வினை வழக்கொழிந்தது. பாஸ்போர்ட்டில் ‘தடையின்றிப் போகவிடுக’ என்று கேட்கும் ஆங்கில வரியிலும் பூப்பந்துத் திடலிலும் மட்டும் அது பெயர்ச்சொல்லாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் அதிகாரிக்காக மலாயிலும் ஒருமுறை சொன்னேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர் அதுவரை தோளிலேயே இருந்தான், வியர்வை காய்ந்துவிட்டது.

மறுபடி ஆடினார்கள். அவன் சர்வீஸ் வலையில் விழுந்தது. அதன்பின் ஒரு புள்ளியும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வெல்டர் ரவாங்குக்குப் போனான்.

டிரைவர் என்னிடம் கோபப்படவில்லை. சில வாரம் கழித்து, மண்சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய அவன் லோரி. ஹார்ன் அடிக்காமல் தலையை வெளியே நீட்டினான்.

“ஐயா, கொஞ்சம் லெட் பண்ணுங்க லா.”

எந்த லெட் என்று கேட்க வாயெடுத்தேன். ஓரமாக இறங்கி நின்றேன்.