பதினேழாம் விதி

எங்கள் சேவா சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் யாரும் இறப்பதில்லை. சிவப்புத் துணி அட்டை போட்ட தடித்த நோட்டு அது. ஒருவர் காலமானால் இரங்கல் தீர்மானம் போடுவோம், எழுந்து நிற்போம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். பெயரை மட்டும் அடிக்கமாட்டோம். "கூட உழைச்சவன் பேருல நம்ம கையாலயே கோடு போடவா?" என்பார் தலைவர். ஆகவே யுத்த காலத்தில் பதிவேட்டின்படி நாங்கள் அறுபது பேர். மேல மாசி வீதியில் சங்கத்தின் மாடிப்படி ஏறக்கூடியவர்கள் பதினான்கு பேர்.

வாந்திபேதி கண்டவர்களை ஸ்ட்ரெச்சரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதுதான் எங்கள் முக்கியமான சேவை. ஒருமுறை வழியில் மூன்று இடத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினோம். படுத்திருந்தவரே தலையைத் தூக்கி, "வேணும்னா நான் நடந்து வாரேன், சாமி" என்றார். அன்று தலைவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்த கோடைக்குள் இளந்தோள்கள் கிடைக்காவிட்டால் வீதியில் ஆள் சாவான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைகடையாக ஏறி இறங்கினார்.

கடைசியில் தொப்பிக்கடை பாய் மனம் இரங்கினார். தன் தெருவிலிருந்து ஐந்து வாலிபர்களையும், கீழக்குயில்குடியிலிருந்து வந்து சந்தையில் மூட்டை தூக்கும் இருவரையும் கூட்டத்துக்கு அழைத்து வந்தார். தலைவர் முகத்தில் கல்யாணக்களை. "பேரை எழுதிருவமா?" என்றார்.

நான் செயலாளர். எழுந்து நின்று, கோரம் இல்லை என்றேன். புதியவர்களைச் சேர்க்க மூன்றில் ஒரு பங்கினர், அதாவது இருபது பேர், கூட்டத்தில் இருக்க வேண்டும்.

"செத்தவங்க பேரை எடுத்துட்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதற்கும் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்கும் இருபது பேர் வேண்டும்."

தலைவர் என்னைப் பார்த்தார். "ரூலு தெரிஞ்சவன் நீதானப்பா. ஒரு வழி சொல்லு."

வழி இருந்தது. பதினேழாம் விதி: தொற்று நோய்க் காலங்களுக்கென்று தலைவர் தம் பொறுப்பிலேயே ஆள் சேர்க்கலாம், கோரம் தேவையில்லை. எனக்கு அது மனப்பாடம். ஆனால் அந்த ஏழு பேரின் தோள்களையும் பார்த்தேன். அடுத்த சங்கத் தேர்தலில் எனக்கு விழாத ஏழு ஓட்டுகள். இருபது வருடம் நான் உட்கார்ந்த நாற்காலி. "வழியில்லை" என்றேன்.

பாய் எழுந்தார். "சரிண்ணே. பேதி வந்தா அதுகிட்டயும் கோரம் இருக்கான்னு கேட்டு உள்ள விடுங்க. நாங்க வாரோம்."

கோடையில் அது கேட்காமலே வந்தது. அந்த ஏழு பேரும் கயிற்றுக் கட்டிலைத் தலைகீழாகக் கட்டி, மூங்கில் செருகி, எங்கள் சங்கத்து வாசல் வழியாகவே ஓட்டமும் நடையுமாகத் தூக்கிப் போனார்கள். நாங்கள் மாடியில் நின்று பார்த்தோம். அப்புறம் எங்களைத் தேடி யாரும் வரவில்லை. சங்கத்தில் சேரவும் வரவில்லை.

மழை தொடங்கியபோது தலைவர் விதிப் புத்தகத்தை என் முன் விரித்துவைத்தார். விரல் பதினேழில் இருந்தது. "இது உன் கண்ணுல படலையாப்பா?"

"படவில்லை" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு தொப்பிக்கடைக்குப் போய், கல்லாவுக்கு முன்னால் நின்று, கைகூப்பி, "பாய், நான்தான் ரூலைச் சரியாப் படிக்கல. இவன் மேல தப்பில்ல" என்றார். பாய் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ஒக்காருங்கண்ணே" என்று தலைவர் பக்கம் ஒரே ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.