பாடாமல் இருக்க வாங்கிய ரெக்கார்டுகள்

இதைப் படிக்கும்போது பக்கத்தில் பாட்டு ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்திவிடுங்கள், கண்ணுகளா. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பயம் தானாக வரும். நான் சொல்லப்போவது போன வருஷம் ஆடி மாசம், கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில், என் கண் முன்னால் நடந்தது. தோட்டத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். என் இடது மணிக்கட்டு இன்றைக்கும் சரியாக மடங்காது. நம்பாதவர்கள் வந்து தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

என் தங்கச்சி மகள் தேவி. அவள் புருஷன் கமலேஷ். எஸ்டேட்காரர்கள் கைவிட்ட பழைய ஸ்டாஃப் பங்களா ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற ஹோம்ஸ்டே ஆக்கினார்கள். சமையல் நான். கமலேஷ் எப்படிப்பட்டவன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். காலில் அட்டை ஏறினால்கூட நசுக்க மாட்டான். குச்சியில் எடுத்துப் புதரில் விட்டுவிட்டு வருவான். இடது கைக்காரன். சுத்தியல் பிடிப்பது, எழுதுவது எல்லாம் இடது கைதான்.

பங்களாவுக்குக் கீழே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகள். முதல் வீட்டில் மாரியாயி. கடைசி வீட்டில் சின்னம்மை. சின்ன வயசில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். அவளைப் பற்றி லைனில் ஒரு சிரிப்பு உண்டு. கட்டிலுக்கடியில் ஒரு சாக்கு நிறைய இசைத்தட்டு வைத்திருந்தாள். ரெக்கார்டு, ரெக்கார்டு என்போமே, கறுப்பாக, வட்டமாக... அதுதான். ஆனால் அதைப் பாட வைக்கிற மெஷின் அவளிடம் இருந்ததே இல்லை. ஊட்டி, குன்னூர் என்று எங்கே போனாலும் பழைய சாமான் கடைக்குள் நுழைந்து குவியலைக் கிளறுவாள். தேடியது கிடைத்தால் முந்தானையில் சுற்றிக்கொண்டு வருவாள்.

கொழுந்து எடுக்கிற பெண்கள் விட மாட்டார்கள். "ஏனுங்க சின்னம்மக்கா, மெஷின் எப்பங்க வாங்கறீங்க? இல்ல, காதுல வச்சே கேட்டுக்குவீங்களா?"

நானும் ஒரு நாள் கேட்டேன். வரக்கி பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"பாடுறதுக்கு இல்ல புள்ள. பாடாம இருக்கிறதுக்கு."

மீதி டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனாள். தை மாசம் செத்துப்போனாள். திருப்பூரிலிருந்து வந்த மகன் காரியத்தை முடித்துவிட்டு, அந்தச் சாக்கைக் கமலேஷிடம் கொடுத்துவிட்டுப் போனான். சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும் என்று அந்த மகன்தான் சொன்னான்.

கமலேஷ் மாட்டினான். கூடத்துச் சுவர் முழுக்க ஆணி அடித்து, நடு ஓட்டையில் தொங்கவிட்டான். வருகிற இளவட்டங்கள் எல்லாம் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே அந்தச் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள்.

முதலில் கண்டுபிடித்தவள் லிஜி. கூடலூர்ப் பெண். கல்யாணமாகிக் கோழிக்கோட்டில் இருக்கிறாள். புருஷனோடு வந்து தங்கியிருந்தாள்.

"ஆன்ட்டி, இது எல்லாம் ஒரே ரெக்கார்டு, கேட்டோ."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஆமாம். நடுவில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதம் அத்தனையிலும் ஒன்றுதான். ஒரே பாட்டு.

"உங்க ஊட்லயும் இதெல்லாம் இருக்குதா கண்ணு?"

"நாப்பது உண்டு ஆன்ட்டி. மெஷின் மட்டும் இல்ல. உள்ளே ஒரு பாட்டு இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். எடுத்துத் தொட்டுப் பாத்துட்டு வச்சிடுவேன்."

அவள் புருஷன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "வேஸ்ட்," என்றான். அவ்வளவுதான். லிஜி உடனே பேச்சை நிறுத்திவிட்டாள். சிரிப்பும் நின்றுவிட்டது.

கிளம்பும்போது கமலேஷ் ஆணியிலிருந்து ஒன்றைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தான். பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கித் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள்.

அதற்கப்புறம் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது...

காலையில் கூடத்தைப் பெருக்கப் போனால், ராத்திரி நேராக இருந்த சிவப்புக் காகிதங்கள் தலைகீழாக இருக்கும். தேவி ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பாள். மறுநாளும் அப்படியே. "ஆணி லூசா இருக்குதுங்க பெரீம்மா," என்பாள்.

ஆடி மழையில் அந்த வீட்டில் தலையணைகூட நனைந்த மாதிரி ஜில்லென்று இருக்கும். ரெக்கார்டு மட்டும் சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கையில் வைத்திருந்துவிட்டுப் போன சூடு.

தேவிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது முதுகைப் பார்த்தேன். தோளுக்குக் கீழே நீளமாக ஒரு கன்றல். இரண்டு விரல் அகலம். விறகு இடித்திருக்கும் என்றாள். அடுத்த வாரம் இன்னொன்று. நான் சுற்றி வளைக்கவில்லை.

"கமலேஷ் அடிச்சானா?"

"அவரா? கொசுவ அடிக்கச் சொன்னாலே அனுமதி கேப்பாருங்க." சிரித்தாள். சிரிப்பில் முதுகு அசைந்து, வலியில் முகம் சுளித்தது.

மெஷின் இல்லாமல் எதற்கு ரெக்கார்டு என்று விருந்தாளிகள் கேட்டுக் கேட்டு, கமலேஷுக்கே வெட்கமாகிவிட்டது. ஆன்லைனில் ஒன்று வரவழைத்தான். சின்ன சூட்கேஸ் மாதிரி இருந்தது.

அது வந்த அன்றைக்கு விருந்தாளி யாரும் இல்லை. பார்சல் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. நாலு மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டது. ஐந்தரைக்குக் கமலேஷ் பிளக்கைச் செருகி, ஒரு ரெக்கார்டைக் கழற்றி வைத்து, முள்ளை இறக்கினான்.

கர்ர்ர்... அப்புறம் பாட்டு. பழைய கும்மிப் பாட்டு. பெண்கள் கூட்டமாகப் பாடுகிறார்கள். அடிக்கு அடி கைதட்டல். கேட்டால் கால் தானாக ஆடும்.

"நல்லாருக்குதுங்கல்ல அத்தை?" என்றான். கால் தாளம் போட்டது.

பாட்டு முடிந்தது. மறுபடி வைத்தான். முடிந்தது. மறுபடி வைத்தான்.

"போதுமுங்க, டீ ஆறுது," என்றாள் தேவி.

அவன் திரும்பவில்லை. சத்தத்தை இன்னும் கூட்டினான். மெஷினைத் தூக்கி, ஜன்னல் பக்கம், லைன் வீடுகளைப் பார்த்துத் திருப்பி வைத்தான்.

அப்போதுதான் எனக்குக் கேட்டது. கைதட்டலுக்கு நடுவில் இன்னொரு சத்தம். தட்டோடு தட்டாக ஒளிந்துகொண்டு...

சளார்.

அதற்கு அடியில், ரொம்ப அடியில், வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் அழுகிறாள்.

கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. பாட்டு அணையவில்லை. பேட்டரி இருக்கும் என்று நினைத்தேன். இருட்டில் தடவிப் போய் பிளக்கைப் பிடுங்கினேன். பிளக் என் கையில்.

பாட்டு ஓடியது.

குளிருக்கு மூட்டியிருந்த கணப்பு வெளிச்சத்தில் கமலேஷ் எழுந்து நின்றான். இடுப்பு பெல்ட்டை உருவினான். நிதானமாக. கொக்கி வெளியில் தொங்குகிற மாதிரி உள்ளங்கையில் சுற்றினான்.

வலது கையில்.

"என்னங்க..." என்றாள் தேவி.

கைதட்டல் விழுந்தது. பெல்ட்டும் விழுந்தது.

அவள் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஒரு கை தூரத்தில் நிற்கிறேன், வாய் திறப்பதுதான் தெரிகிறது. அடுத்த தட்டு. அடுத்த அடி. கொக்கி அவள் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. அவன் முகத்தில் கோபமே இல்லை, கண்ணுகளா. கணக்கு எழுதுகிறவன் முகம் மாதிரி இருந்தது. தாளம் தப்பாமல் அடித்தான்.

நான் கையைப் பிடித்தேன். ஒரு உதறு. சுவரில் போய் விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது என் காதுக்குள் கேட்டது.

நல்ல கையால் மெஷினை இழுத்துத் தரையில் போட்டேன். ரெக்கார்டு சுக்கல் சுக்கலாக உடைந்தது.

பாட்டு நிற்கவில்லை.

சுவரிலிருந்து வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன்... ஆணியில் அத்தனையும் சுற்றிக்கொண்டிருந்தன.

ஜன்னலைத் திறந்து கத்தினேன். "அடிக்கிறான்" என்று கத்தவில்லை. எங்கள் மலையில் அதற்கு யாரும் வர மாட்டார்கள். "கரடி" என்று கத்தினேன். கரடிக்கு எல்லோரும் வருவார்கள்.

கரடி... கரடி...

பனி. பாட்டு. வேறொன்றும் இல்லை.

தேவி எழவில்லை. அவன் பெல்ட்டை எறிந்துவிட்டு, விறகுக்கட்டையை எடுத்தான். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான். நான் அவள் மேல் விழுந்து படுத்துக்கொண்டேன்.

கண்ணை மூடினேன்.

டமார்.

கதவு. டார்ச் வெளிச்சம். மாரியாயி, அவள் மருமகன், லைன் ஆட்கள் மொத்தமும். கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி.

பாட்டு நின்றது. பாதிக் கைதட்டலில்.

கமலேஷ் தூக்கிய கட்டையோடு நின்றான். எங்களைப் பார்த்தான். கட்டையைப் பார்த்தான்.

"எதுக்குங்க எல்லாரும் வந்திருக்கீங்க?" என்றான்.

தேவி பிழைத்துக்கொண்டாள். தலையில் தையல், விலா எலும்பில் விரிசல். கோத்தகிரி ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்திலேயே எனக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். மாரியாயி கஞ்சி கொண்டுவந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சே, அதுவே சாமி புண்ணியம்."

"நீங்க கத்துனீங்களா?" என்றாள் மாரியாயி. "ஒன்னுங் கேக்கலீங்களே. பாட்டுத்தானுங்க கேட்டுச்சு, எப்பவோ கேட்ட பாட்டாட்ட. கமலேசு மெஷின் வாங்கிட்டாப்லன்னு பேசிக்கிட்டோம். எம்பட பேத்தி எந்திரிச்சு ஆடுச்சுங்க."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"ஊடு ஊடாக் கதவத் தட்டுச்சுங்களே தேவி. நனஞ்சுபோயி, வாயெல்லாம் ரத்தமா. மிஸ்ட்டுல மூஞ்சி சரியாத் தெரியல. 'இன்னைக்காவது வாங்க'ன்னுச்சு. ஓடியாந்தோம்."

தேவி அந்தக் கூடத்தை விட்டு ஓர் அடி வெளியே வைக்கவில்லை. நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை; கதவை உடைத்து வந்தபோது அவள் தரையில் கிடந்ததை மாரியாயியே பார்த்திருந்தாள். கட்டிலில் கிடந்த தேவியைப் பார்த்துக்கொண்டே மாரியாயி மெல்ல உட்கார்ந்தாள்.

"இன்னைக்காவதுன்னுச்சு..." என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள். அப்புறம் அழுதுகொண்டே சொன்னதுதான் இது.

மாரியாயி கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பங்களாவில் ஒரு ஃபீல்டு ஆபீசர் இருந்தாராம். தோட்டத்தில் யாருக்கு வேலை, யாருக்கு லீவு என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்தான். அவர் மனைவி பங்கஜம். சாயங்காலம் ஆனால் அந்த வீட்டில் கும்மிப் பாட்டு கேட்கும். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, சத்தமாக. லைன் பிள்ளைகள் வாசலில் ஆடும். வீட்டு வேலைக்குப் போன சின்னம்மைக்கு மட்டும்தான் பாட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரியும்.

ஒரு நாள் பனியில் பங்கஜம் தப்பித்து லைனுக்கு ஓடிவந்தாள். ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். வாங்க, வாங்க என்று கெஞ்சினாள். ஆபீசர் வீட்டு விஷயம். ஒருவரும் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. பின்னாலேயே ஆபீசர் வந்து முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மறுபடி பாட்டு ஆரம்பித்தது. காலையில், படியில் விழுந்து செத்துவிட்டாள் என்றார்கள். கூடத்துத் தரையைக் கழுவியவள் சின்னம்மை.

"அதே கொரலுங்க," என்றாள் மாரியாயி. "வயசே ஆவலீங்க."

ரெக்கார்டுகளை எல்லாம் கமலேஷே உடைத்து உரக்குழியில் புதைத்தான். அன்றிலிருந்து அவன் பெல்ட் கட்டுவதில்லை. பங்களாவையும் விட்டுவிட்டோம். லைனில் சின்னம்மை இருந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம்.

ஒன்று மட்டும் கையில் இல்லை. லிஜியிடம் போனது. தேவி போன் செய்து உடைத்துவிடச் சொன்னாள். "அய்யோ சேச்சி, சுவத்துல சும்மாத் தொங்குது. மெஷின்தான் இல்லையே," என்று சிரித்தாளாம்.

மாரியாயி தன் வீட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டாள். ராத்திரி பகல், கதவு திறந்தே கிடக்கும். குளிருகிறதே என்று யாராவது சொன்னால் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

போன வாரம், பனி இறங்குகிற நேரம், மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"தட்டுதுங்க," என்றாள்.

"கதவுதான் திறந்து கிடக்குதே."

"தொறந்த கதவத்தானுங்க தட்டுது. ஆளக் காணோம். தட்டிக்கிட்டே இருக்குது."

தேவி என்னைப் பார்த்தாள். போனை எடுத்தாள். லிஜி நம்பர். மணி அடித்தது... அடித்தது... யாரோ எடுத்தார்கள். பேசவில்லை.

ஸ்பீக்கரில் போட்டாள்.

கும்மிப் பாட்டு. கைதட்டல்.

"லிஜி... லிஜி..."

பாட்டு முடிந்தது. கைதட்டலும் நின்றது.

அதற்கப்புறமும் ஒரு தட்டு கேட்டது, கண்ணுகளா.